மருந்து மீனுக்கா, தண்ணீருக்கா?

  

ஆண்டு மலர் என்றால் தாய்மொழிப் பற்று, நல்லொழுக்கம், கல்வியின் சிறப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். அவற்றை எழுத நம் பள்ளியில் என்னினும் தகுதி வாய்ந்தோர் உளர். நான் ஒரு சிறு மீனின் கெட்டுப்போன வாலைப் பற்றி எழுத விழைகின்றேன். ‘இதற்கும் மலரில் இடமா?’ என்று சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும். நம் மாணவருள் பலர் வீட்டில் சண்டை மீன் வளர்க்கின்றனர். நன்கு பேணினால் மூன்று ஆண்டுகள் வரை வாழக்கூடிய அம்மீன்கள், மூன்று திங்கள் முடியுமுன் வால் தேய்ந்து மடிவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அவற்றுள் பல மடிந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஜாம் போத்தல் ஒன்றை மார்போடு அணைத்தவாறு ஆசிரியர் அறை வாயிலில் நின்றான். போத்தலின் அடியில் சிவப்பு நிறச் சண்டை மீன் ஒன்று, துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

“ஐயா, இதன் வால் அழுகிவிட்டதாம். கானில் ஊற்றிவிடு, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா,” என்றான். சொல்லும்போதே குரல் கம்மியது.

அத்தந்தையாரை நான் குறை கூறேன். விடியுமுன் எழுந்து செம்பனைக் குலை வெட்டச் செல்லும் ஒருவருக்கு, ஐந்து வெள்ளி மீனின் வாலை ஆராய நேரம் ஏது? மேலும், குறை கூறும் தகுதியும் எனக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அறிவியல் மூலையில் நான் வைத்திருந்த நீல நிறச் சண்டை மீனின் வால் ஓரம் கறுத்துத் தேயத் தொடங்கியது. நான் பதறிப்போய்ப் பட்டணத்து மீன் கடைக்குச் சென்று, நீல மருந்து ஒன்றும் மஞ்சள் தூள் ஒன்றும் வாங்கி வந்தேன். விரைவில் குணமாகட்டும் என்ற ஆசையால் இரண்டையும் ஒரே நாளில், குறித்த அளவிற்கு இரு மடங்காகவே இட்டேன். தண்ணீரை மட்டும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் மீன் மிதந்தது. ‘நோய் முற்றிவிட்டது’ என்று பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்டனர். நான் மறுத்துரைக்கவில்லை. அன்று மறுத்துரைக்காமல் விட்டதை இன்று இந்த மலரில் சொல்லிவிடுகின்றேன்: அம்மீனை நோய் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன்.

ஆகவே, பட்டறிந்தவன் என்ற முறையில் சொல்கின்றேன். சண்டை மீனின் துடுப்பு கெட்டால் முதலில் வாங்க வேண்டியது மருந்து அன்று. முதலில் மாற்ற வேண்டியது தண்ணீர். அதற்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது, அத்துடுப்பு எவ்வாறு கெட்டது என்பதைக் கண்ணால் பார்த்து அறிவது.

சண்டை மீனின் அறிவியற்பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்பதாகும். 1910-ஆம் ஆண்டில் ரீகன் என்னும் ஆங்கிலேய மீனியல் அறிஞர் இப்பெயரை இட்டார். சயாம் நாட்டு வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது. தாய்லாந்து அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. வயலில் வாழும் இயற்கை மீனுக்குக் குட்டையான துடுப்புகளே உண்டு. கடையில் நாம் கண்டு மயங்கும் அந்த நீண்ட முந்தானை போன்ற வால், மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. அரை நிலாவாய் விரியும் வால் நம் கண்ணுக்கு விருந்துதான். அதனைச் சுமந்து நீந்தும் மீனுக்கோ அது பாரம். நீண்ட வால் எளிதில் சிக்குகிறது, எளிதில் கிழிகிறது, எளிதில் நோய்க்கு இடங்கொடுக்கிறது.

துடுப்பு ஒரு குடையைப் போன்றது. குடைக் கம்பிகளைப் போல மெல்லிய கதிர்கள் உடலிலிருந்து புறப்பட்டு நீள்கின்றன. கம்பிகளுக்கிடையே துணியைப் போலச் சவ்வு படர்ந்துள்ளது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு கெட்டுப்போன துடுப்பை நோக்கினால், அது நமக்குப் பல செய்திகளைச் சொல்லும்.

பெருங்காற்றில் கிழிந்த வாழையிலையைப் பார்த்திருக்கின்றீர்கள் அல்லவா? நரம்பின் போக்கிலேயே நேராகக் கிழிந்திருக்கும்; கிழிந்த ஓரமோ பச்சையாகவே இருக்கும். கூரிய பொருளில் சிக்கிக் கிழிந்த துடுப்பும் அத்தகையதே. கதிர்களின் போக்கில் நேர்க்கோடாய்ப் பிளந்திருக்கும். ஓரத்தில் கறுப்போ சிவப்போ இராது. மீனும் வழக்கம்போல் உண்ணும், துள்ளும். இது காயமே அன்றி நோய் அன்று. குற்றவாளி, தொட்டியிலுள்ள பிளாஸ்டிக் செடியாகவோ கூரான கல்லாகவோ இருக்கும். பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்து அப்பொருள்களின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். காலுறையின் நூலைப் பற்றி இழுப்பது எதுவோ, அதுவே மீனின் வாலையும் கிழிப்பது. அதை வெளியே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மற்றொரு வகையுண்டு. இரவு உறங்கப் போகும்போது முழுமையாக இருந்த வால், காலையில் ரொட்டித் துண்டைக் கடித்தாற்போல் வளைவாகக் குறைந்திருக்கும். தனியே இருக்கும் மீனின் வாலை யார் கடித்தது என்று வியப்பீர்கள். மீனே தன் வாலைக் கடித்துக்கொள்கிறது! நீண்ட வாலுடைய இனங்களில் இவ்வழக்கம் மிகுதி. தண்ணீர் வேகமாகச் சுழலும் தொட்டி, எந்நேரமும் தன் உருவமே தெரியும் கண்ணாடிச் சுவர், பக்கத்துப் போத்தலில் எந்நேரமும் சீறி நிற்கும் மற்றொரு மீன் ஆகியவை இதற்குத் தூண்டுதலாகின்றன. இரு போத்தல்களுக்கிடையே ஓர் அட்டையை நிறுத்துவதே இங்குச் சிறந்த வைத்தியம். காசு செலவில்லை.

மூன்றாவதுதான் ‘வால் அழுகல்’ என்று நாம் அஞ்சுவது. இது ஓர் இரவில் வருவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாக ஓரத்திலிருந்து உட்புறமாகத் தேயும். ஓரம் கறுத்தோ, சிவந்தோ, வெளுத்தோ காணும்; நைந்த துணியின் விளிம்புபோல் நூல் நூலாய்ப் பிரியும்; சவ்வு கரைந்து கதிர்கள் மட்டும் துருத்தி நிற்கும். மீன் துடுப்புகளை மடக்கிக்கொண்டு அடியில் சோர்ந்து கிடக்கும். இதற்குக் காரணமான ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் எங்கிருந்தோ புதிதாக வந்தவை அல்ல. அவை பெரும்பாலும் எல்லா நீரிலும் இருப்பவை. நல்ல நீரில் வாழும் வலிய மீனை அவை ஒன்றும் செய்வதில்லை. நீர் கெட்டு, மீன் மெலிந்து, அதன் எதிர்ப்பாற்றல் குன்றிய வேளையிலேதான் அவை துடுப்பைப் பற்றுகின்றன. ஆதலால் வால் அழுகல் என்பது வாலில் தோன்றினும், அதன் வேர் தண்ணீரிலேயே உள்ளது.

பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாகத் தோன்றுவது பூஞ்சணமாக இருக்கலாம். பூஞ்சணத்தைப் போலவே தோற்றமளிக்கும் ஒருவகை நுண்ணுயிர் நோயாகவும் இருக்கலாம். முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிறிய படலமும் சேர்ந்து தோன்றி, ஓரிரு நாளிலேயே பரவினால் அது அந்நுண்ணுயிர் நோயே எனக் கொள்ளலாம். அங்குத் தாமதிக்கக் கூடாது. வெப்பமான நீரில் அது மேலும் விரைந்து பரவும் ஆதலால், மீனுக்கு இதமாக இருக்கட்டும் என்று நீரைச் சூடாக்குவதும் தவறாகும்.

இவற்றை ஒரே பார்வையில் பிரித்தறிய இயலாமற்போகலாம். அதற்கு ஒரு வழி சொல்கின்றேன். ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில், வாலின் உருவை ஒரு தாளில் வரைந்து தேதியிடுங்கள். கைப்பேசி உள்ள வீட்டில் படமாகவே எடுத்து வைக்கலாம். ஆயினும், வரைவதே மேல் என்பேன். படம் எடுப்பவன் ஒரு நொடி பார்க்கின்றான். வரைபவனோ ஒவ்வொரு கதிரையும் எண்ண நேர்கின்றது. ஒரு வாரத்தில் நான்கு படங்கள் கையில் இருக்கும். கிழிசல் பெருகவில்லையானால் அது காயம். ஓரம் உட்புறமாக நகர்ந்துகொண்டே போனால் அது நோய்.

அம்மாணவனிடம் மீண்டும் வருவோம். அவன் மீனின் வால் ஓரம் கறுத்து, பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

“தண்ணீரை எப்போது மாற்றினாய், தம்பி?” என்று கேட்டேன்.

சற்றே தயங்கி, “தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஐயா,” என்றான்.

இந்த விடையில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளியிடுகிறது. தின்னாது விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அதற்கு நிறமில்லை. அரை லிட்டர் போத்தலில் அது சில நாள்களிலேயே மிகுந்து, மீனின் செவுளையும் துடுப்பின் ஓரத்தையும் சுடுகிறது. கண்ணில் புகை படிந்தால் நமக்கு எரிகிறதே, அதுபோன்ற நிலையில் மீன் இரவும் பகலும் கிடக்கிறது.

‘சண்டை மீனுக்குப் போத்தலே போதும், அது காற்றைக் குடித்தே உயிர் வாழும்’ என்று நம்மவர் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை. செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பான உறுப்பொன்று இம்மீனுக்கு உண்டு; அதன் துணையால் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை நேரே சுவாசிக்கிறது. உயிர்வளி குறைந்த வயல் நீரிலும் அதனால் தப்பிப் பிழைக்க முடிகிறது. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல், நஞ்சைத் தாங்கும் ஆற்றல் ஆகிவிடுமா? நாமும் காற்றைத்தான் சுவாசிக்கின்றோம். அதற்காக நம்மைச் சாக்கடையில் குடியிருக்கச் சொன்னால் ஒப்புவோமா? கடைத்தட்டில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருப்பது விற்பனைக்கான ஏற்பாடு. வளர்ப்பதற்கான இலக்கணம் அன்று. குறைந்தது பத்து லிட்டராவது நீர் வேண்டும். இருபது லிட்டர் இருப்பின் நன்று. கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. வாய் அகன்ற பிளாஸ்டிக் பெட்டி போதும். ஆனால் களைக்கொல்லியோ உரமோ இருந்த கலன் எத்துணை முறை கழுவினாலும் ஆகாது. தோட்டத்தில் மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றே பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து பெரிய பெட்டி ஒன்றைப் பெற்று, அதனைச் சவர்க்காரம் இல்லாமல் கழுவி, அம்மீனுக்கு வீடாக்கினோம். குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. நாம் குடிப்பதற்காகக் கிருமி நீக்கும் குளோரின் அதில் உள்ளது. அது நமக்கு நலம், மீனின் செவுளுக்கோ கேடு. வாய் அகன்ற வாளியில் ஒரு பகல் ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். சிங்கப்பூரில் வாழும் நம் உறவினர் இம்முறையை நம்பிவிட வேண்டா. அங்கே நீரில் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. அது வைத்திருந்தாலும் எளிதில் போகாது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை அளவோடு இடுவதே அங்கு ஏற்றது. இங்கும் அம்மருந்தைப் பயன்படுத்தலாம், விலை அதிகமில்லை.

வாளியைத் திறந்து வைக்கச் சொன்னேனே, அதன்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டாயம் கட்டுங்கள். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனி என்று சிலர் வேண்டுமென்றே வளர்க்கின்றனர். டிங்கிக் காய்ச்சலுக்கு நம் வீட்டிலேயே நாற்று விடுவதற்கு அது ஒப்பாகும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் உண்டு. அதிகாரிகள் வந்து பார்த்தால் தண்டம் கட்ட நேரும். கடைத்தீனி உருண்டை இரண்டு மூன்று, காலையும் மாலையும் போதும். மீனின் வயிறு ஏறத்தாழ அதன் கண்ணின் அளவே என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வாரத்தில் நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை அகற்றிப் பக்குவப்படுத்திய புது நீரை இட்டோம். முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றினால், மெலிந்த மீன் அவ்வதிர்ச்சியைத் தாங்காது. புது நீரின் வெப்பம் பழைய நீரின் வெப்பத்தை ஒத்திருக்க வேண்டும். 25 முதல் 28 பாகை செல்சியஸ் இம்மீனுக்கு உகந்தது. நம் தாழ்நிலத் தோட்டங்களில் அதற்கென எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் மீன் வைத்திருப்போர்க்கும் நீரைச் சூடாக்கும் சிறு கருவி தேவைப்படும்.

வால் அழுகல் என்று உறுதியானதால் உப்பும் இட்டோம். சமையலறைக் கல்லுப்பே போதும். நான்கு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி என்பது கணக்கு. அதனை ஒரு குவளை நீரில் முற்றிலும் கரைத்து, ஒருநாளில் மூன்று முறையாகப் பிரித்து ஊற்ற வேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பெரியவர்களே தவறுவது இதில்தான். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது மீண்டும் உப்பிடலாகாது. நாமே முகந்து வெளியேற்றிய நீருக்கு ஈடாக ஊற்றும் புது நீருக்கு மட்டுமே அதற்குரிய உப்பைச் சேர்க்க வேண்டும். இதனை ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கணக்காகவே கொடுத்தேன். பாட நூலில் உள்ள கணக்கைவிட ஆர்வமாகச் செய்தனர். பத்து நாள்களுக்கு மேல் உப்பு நீர் வேண்டா. இது நன்னீர் மீன். வெறும் கிழிசலுக்கு உப்பும் தேவையில்லை. தூய நீரே அதனை ஆற்றிவிடும்.

நம் பள்ளித் திடலோரம் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தின் இலையையும் பயன்படுத்தினோம். நாட்டு வாதுமை என்று நம் நூல்கள் கூறும் மரம் அதுவே. தானே பழுத்து விழுந்து பழுப்பாய்க் காய்ந்த இலையைக் கழுவி நீரிலிட்டால், தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் நீரைச் சற்றே புளிப்பாக்கும். நுண்ணுயிர்ப் பெருக்கத்தையும் ஓரளவு தணிக்கும். பத்து லிட்டருக்கு அரை இலை போதும். இதனை ஏதோ சஞ்சீவி மூலிகைபோல் சிலர் புகழ்கின்றனர். அத்துணை நம்பிக்கை எனக்கில்லை. கெட்ட நீரில் பத்து இலை இட்டாலும் அது கெட்ட நீரே. களைக்கொல்லி தெளித்த இடத்து இலையையோ தோட்டத்துக் கான் நீரையோ கனவிலும் எடுக்காதீர்கள். இன்னொன்று. பாட்டிமார் சிலர் அன்பு மிகுதியால் சமையல் மஞ்சளை நீரில் தூவிவிடுகின்றனர். நம் காலில் பட்ட புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிய கை அது. அந்த அன்பை மதிக்கின்றேன். ஆனால் தூள் நீரைக் கலக்கிச் செவுளில் படியும். வேண்டா.

அப்படியானால் மருந்தே கூடாதா? அவ்வாறு நான் கூறவில்லை. தூய நீரில் ஒரு வாரம் வைத்தும் தேய்வு நில்லாது உடலை நெருங்கினாலோ, பஞ்சு போன்ற படலம் பரவினாலோ, மீன் தீனியைத் தொடாது கிடந்தாலோ மருந்து தேவைதான். அப்போது தனிக் கலத்தில், ஒரே மருந்தை, புட்டியில் குறித்த அளவில், குறித்த நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். பூஞ்சணத்திற்குப் பயன்படும் மெத்திலீன் நீலம் நுண்ணுயிர் அழுகலுக்குப் பெரிதும் உதவாது. அதனைப் பழகிய தொட்டியிலேயே ஊற்றினால், அமோனியாவைக் கரைத்து உண்ணும் நல்ல நுண்ணுயிர்களும் மடிந்து, நீர் முன்னினும் கெடும். என் நீல மீனுக்கு நேர்ந்தது இதுவே என்று இப்போது எண்ணுகின்றேன். கிளினிக்கில் கொடுத்து மிச்சமான மாத்திரைக் கூட்டைப் பிரித்து மீன் தொட்டியில் தூவும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அளவு தெரியாது, எந்த நுண்ணுயிர்க்கு என்பதும் தெரியாது. கடைசியில் அந்நீர் கானுக்குத்தான் போகிறது. மருந்துக்குப் பழகி அடங்காத கிருமிகளை நாமே வளர்த்துவிடும் செயல் அது.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு காலை, அம்மாணவன் ஓடி வந்தான். “ஐயா, மறுபடியும் வந்துவிட்டது! வால் ஓரமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கடைக்குப் போய் மருந்து வாங்கலாமா?” என்று மூச்சு வாங்கக் கேட்டான். சென்று பார்த்தேன். கறுப்பு மறைந்திருந்தது. அதற்கப்பால் கண்ணாடித் தாள்போல் நிறமற்ற மெல்லிய சவ்வு ஒன்று, ஓரத்தை ஒட்டிச் சீராக வளர்ந்திருந்தது. அது நோய் அன்று, புது வளர்ச்சி. புதிதாக முளைக்கும் துடுப்பு முதலில் நிறமின்றியே தோன்றும். நிறம் பின்னரே ஏறும். நோயின் வெண்மை பஞ்சாகவோ ஒழுங்கற்றோ இருக்கும். வளர்ச்சியின் வெண்மை ஒளி ஊடுருவும்படி சீராய் இருக்கும். தன் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவன் நம்பினான். இவ்வேறுபாடு அறியாது, குணமாகிக்கொண்டிருக்கும் மீனுக்கு மருந்தூற்றிக் கொன்றவர் எத்தனை பேரோ!

‘பாடத்தை விட்டு மீனுக்குப் பணிவிடையா?’ என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அவர் கவலை நியாயமானதே. ஆனால் அம்மாணவன் விடுமுறைக்கு முன் ஒரு பத்தி எழுதவே திணறியவன். இன்று நாள்தோறும் அரைப்பக்கம் குறிப்பெழுதுகின்றான். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஓய்வு நேரத்தில் கழிவறைக்குப் பின்னால் இரு போத்தல் மீன்களை ஒன்றாக்கிப் பந்தயம் கட்டும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அங்கே கிழிந்த வாலுக்குத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. அம்மீன்களைப் பறிமுதல் செய்து என் மேசைமேல் வைத்திருக்கின்றேன். பெற்றோர் வந்தால்தான் தருவேன்.

இனி, கானில் ஊற்றுவதைப் பற்றி. அது மீனுக்கு விடுதலை என்று பலர் கருதுகின்றனர். நீண்ட வாலுடன் நோயுற்ற மீன் கானில் ஒருநாள் தாங்குவதே அரிது. தாங்கினாலோ கேடு இன்னும் பெரிது. நம் நாட்டு வயல்களிலும் கான்களிலும் இயற்கையாகவே சண்டை மீனினம் ஒன்று வாழ்கிறது. கோலாலம்பூர்ப் பகுதியில் கிடைத்த மீனைக் கொண்டு 1975-ஆம் ஆண்டில் லாடிகஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்குப் பெட்டா இம்பெல்லிஸ் என்று பெயரிட்டார். இம்பெல்லிஸ் என்றால் இலத்தீன் மொழியில் ‘போர்க்குணம் அற்றது’ என்று பொருள். கருமை கலந்த உடலில் நீலப்பச்சைப் புள்ளிகளும், வாலில் சிவப்புப் பிறையும் கொண்ட அழகிய மீன் அது. உங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் சிறு வயதில் கானில் இறங்கிப் பிடித்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கடை மீனைக் கானில் விட்டால், அது நம் மீனுடன் கலந்து குஞ்சு பொரிக்கும், நோயையும் பரப்பும். வயல் வீடாகி, சதுப்பு தோட்டமாகி, நம் மீனுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஜொகூர் ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கரும்புனல் சதுப்பில் வாழ்ந்த பெட்டா பெர்செஃபோனி என்னும் விரல்நுனி அளவுக் கருமீன் இன்று அற்றுப்போகும் நிலையில் உள்ளது. எஞ்சியிருப்பதையும் ஐந்து வெள்ளி மீனால் நாம் கெடுக்க வேண்டுமா? வளர்க்க இயலாதவர் மீனை என்னிடம் கொண்டு வந்து தரலாம். ஆண்டு மலரில் எழுதிவிட்டேன். இனிப் பின்வாங்க முடியாது.

அச்சிவப்பு மீன் இப்போது அறிவியல் மூலையில் இருக்கிறது. வால் முழுவதும் வளர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீழ்ப்புறத்தில் அழுகல் உடலை நெருங்கிய இடத்தில் மட்டும் ஒரு சிறு பள்ளம் நிலைத்துவிட்டது. புதிதாய் வளர்ந்த பகுதியின் சிவப்பும் பழையதைவிடச் சற்று வெளிறியே உள்ளது. எனினும் காலையில் அருகே சென்றால் வாலை விரித்துக்கொண்டு முன்னே வந்து நிற்கிறது.

சென்ற வாரம் அம்மாணவனின் தந்தையார் பள்ளிக்கு வந்திருந்தார். மீனைச் சிறிது நேரம் குனிந்து நோக்கினார். பின்பு, “வாத்தியாரையா, உப்பு எத்தனை கரண்டி என்றீர்கள்? வீட்டில் சின்னவனும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அதன் வாலும் சரியில்லை,” என்றார்.

“கரண்டியை அப்புறம் சொல்கிறேன், ஐயா. வால் ஓரம் என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“அதைப் பார்க்கவில்லையே,” என்றவர், வீட்டிற்குப் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் வந்து சொல்வதாகக் கூறிச் சென்றார். மாலையில் வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. சின்னவன் வரைந்தது.